டர்போவை மாற்றும் முன் நேரச் சீட்டைப் படியுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் 1996ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா இருக்கிறது. அதன் 1.5 லிட்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, பாதியாக வெட்டிய பழைய வண்டிகளை விற்கும் ஹாஃப் கட் கடையில் வாங்கிய மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ எஞ்சினைப் பொருத்தியுள்ளேன். முன்சக்கர இயக்கம்தான். பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாக ஏற்றும் காற்றழுத்தம், 1.1 பார். செப்பாங் பந்தய ஓடுதளத்தில் ஓட்டியபோது கால் மைலுக்கு 13.9 வினாடி வந்தது. முடிவுக் கோட்டில் வேகம் மணிக்கு 172 கி.மீ. 12 வினாடி வரிசைக்குள் (13க்குக் கீழே) நுழைய வேண்டும் என்பது என் ஆசை. பெரிய டர்போ போட்டால்தான் முடியும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். போடலாமா? ஓட்டம் முடிந்ததும் கொடுத்த நேரச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன். (கிள்ளான் வாசகர்)

பதில்: இப்போது போட வேண்டாம். நீங்கள் அனுப்பிய சீட்டே அதற்குக் காரணம் சொல்கிறது. முதல் 60 அடியை, அதாவது 18.3 மீட்டரை, கடக்க உங்கள் வண்டி 2.38 வினாடி எடுத்திருக்கிறது. 330 அடியை 6.15 வினாடியிலும், பாதித் தூரமான 660 அடியை 9.1 வினாடியிலும் கடந்து, 1,320 அடியை 13.9 வினாடியில் முடித்திருக்கிறது. பின்பாதியான 201 மீட்டரை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள்: 4.8 வினாடி, சராசரி வேகம் மணிக்கு சுமார் 151 கி.மீ. இது பலமில்லாத எஞ்சினின் ஓட்டம் அல்ல. நேரம் முழுக்க முழுக்க முன்பாதியில், அதிலும் பெரும்பங்கு அந்த முதல் 18 மீட்டரில் தொலைந்திருக்கிறது.

முடிவு வேகம் எஞ்சினின் பலத்தைக் காட்டும். மொத்த நேரம் அந்தப் பலம் தரையில் இறங்கிய விதத்தைக் காட்டும். புறப்படும்போது சக்கரம் சுழன்று அரை வினாடி வீணானாலும் முடிவு வேகம் அதிகம் குறைவதில்லை, ஆனால் மொத்த நேரம் கெட்டுவிடுகிறது. டிராக் ஓட்டுநர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் உண்டு. முடிவு வேகத்தை மணிக்கு இத்தனை மைல் என்று மாற்றி, 234ஆல் வகுத்து, வந்ததை மும்மடியாக்கி, வண்டியின் பவுண்டு எடையால் பெருக்கினால் குதிரைத்திறன் ஏறத்தாழக் கிடைக்கும். உங்களோடு சேர்த்து வண்டியின் எடை 1,100 கிலோ என்று கொண்டால், 172 கி.மீ. வேகத்துக்கு சுமார் 230 குதிரைத்திறன் வருகிறது. தொழிற்சாலையிலிருந்து 195 குதிரைத்திறனுடன் வந்த எஞ்சினை 1.1 பாரில் ஓட்டினால் இந்தக் கணக்கு பொருந்தவே செய்கிறது. மொத்த நேரத்துக்கான இதன் துணைச் சூத்திரத்தில் போட்டால், இந்த எடையும் இந்தப் பலமும் உள்ள வண்டி நல்ல பிடிப்போடு புறப்பட்டால் 12.7 அல்லது 12.8 வினாடியில் முடிக்க வேண்டும். ஆக, ஒரு வினாடிக்கும் மேலான நேரம் ஏற்கெனவே உங்கள் வண்டியில் இருக்கிறது. பெரிய டர்போ அதை எடுத்துத் தராது. பூஸ்ட் ஏறுவது தாமதமாகி, ஏறும்போது திடீரென்று ஏறி, முன்சக்கரங்களை இன்னும் மோசமாகச் சுழல வைக்கும்.

முன்சக்கர இயக்க வண்டிக்குப் புறப்பாடுதான் பெரிய சோதனை. வண்டி முன்னோக்கிப் பாயும்போது எடை பின்னோக்கிச் சாய்கிறது, இழுக்க வேண்டிய சக்கரங்களோ முன்னால் இருக்கின்றன. உங்கள் வண்டி நிற்கும்போது முன்சக்கரங்களின் மேல் ஏறத்தாழ 680 கிலோ இருக்கும். வீராவின் சக்கர இடைவெளி 2.5 மீட்டர். எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்து, புவியீர்ப்பில் பாதியளவு முடுக்கத்தில் நீங்கள் புறப்பட்டால், சுமார் 110 கிலோ முன்னாலிருந்து பின்னால் போய்விடும். எஞ்சினின் முழு முறுக்குவிசையும் முதல் கியரின் பெருக்கத்தோடு சக்கரத்தை அடையும் அதே கணத்தில், டயரைத் தரையோடு அழுத்தும் எடை ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஜிஎஸ்ஆரில் இந்த எஞ்சின் நான்கு சக்கரங்களை இயக்கியது. உங்கள் வீராவில் அதே வேலையை இரண்டு சக்கரங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும்.

முதல் செலவு டயருக்குத்தான். சாதாரணச் சாலை டயரோடு வேறு எதைச் செய்தாலும் பயன் குறைவு. பிடிப்பு அதிகமுள்ள பந்தய வகையான அரை ஸ்லிக் அல்லது டிராக் (drag) ரேடியல் டயர் இரண்டு வாங்கி முன்னால் மட்டும் போடுங்கள். காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் 22 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பிஎஸ்ஐ கூட்டியோ குறைத்தோ 60 அடி நேரத்தைக் குறித்துவாருங்கள். உங்கள் டயருக்கு ஏற்ற அழுத்தத்தை அந்த எண்ணே சொல்லிவிடும். பின்சக்கரங்களில், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டாமல், 40 பிஎஸ்ஐ வரை ஏற்றிக்கொள்ளலாம்; உருளும் தடை குறையும். பர்ன்அவுட் செய்ய, அதாவது டயரைச் சுழற்றிச் சூடாக்க, தண்ணீர் ஊற்றி வைத்திருக்கும் இடத்தின் வழியாகப் போக வேண்டாம். பள்ளம் வெட்டிய டயர் தண்ணீரைத் தன்னோடு எடுத்துக்கொண்டு புறப்படும் கோட்டுக்கு வந்துவிடும். அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய், உலர்ந்த தரையில் ஒரே ஒரு முறை சுழற்றி, டயரில் ஒட்டிய மண்ணையும் தூசியையும் நீக்கினால் போதும்.

அடுத்தது டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சினின் பலத்தை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம். உங்கள் சீட்டில் 60 அடிக்கும் 330 அடிக்கும் இடையில் 3.77 வினாடி ஓடியிருக்கிறது. இரண்டாம் கியரிலும் சக்கரம் சுழன்றிருப்பதன் அறிகுறி இது. ஓட்டம் முடிந்ததும் புறப்பட்ட இடத்துக்கு நடந்து போய்த் தரையைப் பாருங்கள். ஒரே ஒரு கறுப்புக் கோடு இருந்தால் உங்களுடையது சாதாரண டிஃபரன்ஷியல் என்பது உறுதி: பிடிப்பு குறைந்த சக்கரம் சுழன்றுகொண்டே இருக்க, மற்றது சும்மா வந்திருக்கிறது. பிளேட் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட்டால் இரு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு போவது அப்போது அதிகமாகலாம் என்பதால் இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும். கியர் மாற்றியதும் கை உடனே ஸ்டீயரிங்குக்குத் திரும்ப வேண்டும்.

சஸ்பென்ஷனில் நோக்கம் ஒன்றே: பின்பக்கம் அமுங்கக் கூடாது, முன்பக்கம் தூக்கக் கூடாது. பின் ஸ்பிரிங்குகள் கடினமாகவும், முன் ஷாக் அப்சார்பர்கள் மேலெழும்பும் போக்கைத் தடுப்பனவாகவும் இருக்கட்டும். எடையைக் குறைப்பதானால் பின்னாலிருந்து குறையுங்கள்: உதிரிச் சக்கரம், ஜாக், பின் இருக்கை. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துப் பேட்டரியைப் பின்பெட்டிக்கு மாற்றிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அது பின்சக்கர இயக்க வண்டிக்கு உரிய உபாயம். உங்கள் பேட்டரி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். எரிபொருளைக் கால் தொட்டிக்குக் கீழே இறக்க வேண்டாம். பாய்ச்சலில் பெட்ரோல் தொட்டியின் பின்சுவருக்கு ஓடி பம்ப் காற்றை உறிஞ்சினால், முழு பூஸ்டில் கலவை மெலிந்து பிஸ்டன் போய்விடும்.

எஞ்சினை வண்டியோடு பிணைத்துத் தாங்கும் மவுண்ட்களை அவசியம் பாருங்கள். எஞ்சின் மாற்றிய வீராக்களில் பழைய எஞ்சினுக்கான ரப்பர் மவுண்ட்களே அப்படியே இருப்பதைப் பல இடங்களில் காணலாம். கிளட்சை விட்டதும் எஞ்சின் பின்னால் சாய்ந்து, மீண்டும் முன்னால் வந்து, சக்கரம் தரையில் குதிக்கத் தொடங்கும். அந்தக் குதிப்பு நேரத்தைக் கெடுப்பதோடு நிற்காது. டிரைவ் ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸும் உடைவது பெரும்பாலும் அப்போதுதான். சக்கரம் குதிப்பதை உணர்ந்த உடனே காலை எடுங்கள், அந்த ஓட்டத்தைக் கைவிடுங்கள். கெட்டியான பாலியூரித்தேன் மவுண்ட்கள் பெரிய டர்போவின் விலையில் ஒரு சிறு பகுதிதான்.

இத்தனையும் செய்த பிறகு பூஸ்டைத் தொடலாம், ஆனால் குறைப்பதற்காக. கியருக்கு ஏற்றபடி பூஸ்டை மாற்றும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் இருந்தால், முதல் கியரில் வேஸ்ட்கேட் (மிகுதியான புகையை டர்பைனைச் சுற்றி வெளியேற்றும் வால்வு) ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும், இரண்டாவதில் 0.9 பார், மூன்றாவது முதல் 1.1 பார் என்று தொடங்கலாம். வேஸ்ட்கேட் ஸ்பிரிங் எந்த அழுத்தத்தில் திறக்கிறதோ அதற்குக் கீழே எந்தக் கன்ட்ரோலராலும் பூஸ்டை இறக்க முடியாது என்பதால், கெட்டியான ஸ்பிரிங் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். லாஞ்ச் கன்ட்ரோலில் (புறப்படும் முன் எஞ்சின் சுழற்சியை ஓர் அளவில் பிடித்து வைக்கும் ஏற்பாடு) நிமிடத்துக்கு 3,500 சுழற்சியில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். கோட்டில் நின்று தீப்பொறியை வெட்டி பூஸ்டை ஏற்றும்போது, எரியாத கலவை எக்ஸாஸ்ட் குழாயில் எரிந்து டர்பைனையும் மேனிஃபோல்டையும் பழுக்க வைக்கிறது. இரண்டு மூன்று வினாடிக்கு மேல் அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டாம்.

கியர் மாற்றுவது கடைசிப் பங்கு. ஜிஎஸ்ஆரின் அசல் டர்போ சிறியது. உச்ச பலம் 6,000 சுழற்சிக்கு அருகில் வந்து அதன் பிறகு சரிகிறது. 7,000 வரை இழுத்துப் பிடித்தால் சத்தம்தான் கூடுகிறது. 6,300 அளவில் மாற்றிப் பார்த்து, சீட்டில் முடிவு வேகம் கூடுகிறதா என்று ஒப்பிடுங்கள். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு கியர் மாற்ற வேண்டியிருந்தால், டயரின் விட்டத்தையோ கியர்பாக்ஸின் இறுதிப் பல்சக்கர விகிதத்தையோ சிறிது மாற்றி அந்த மாற்றத்தைத் தவிர்ப்பது லாபம்.

60 அடியில் மிச்சமாகும் ஒவ்வொரு 0.1 வினாடியும் முடிவுக் கோட்டில் 0.15 முதல் 0.2 வினாடி வரை ஆகும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 2.38 என்பது 2.1க்கு வந்தால் மொத்த நேரம் 13.4 அளவில் நிற்கும்; இரண்டாம் கியரின் சுழற்சி நின்று கியர் மாற்றமும் சீரானால் 13.1 அல்லது 13.2 எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே வந்து, 60 அடி நேரம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறாமல் நிலைத்த பிறகு எழுதுங்கள். அப்போது டர்போவைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: நானும் எஞ்சின் மாற்றிய டர்போ வண்டிதான் வைத்திருக்கிறேன். முதல் ஓட்டத்தில் நல்ல நேரம் வருகிறது. மூன்றாவது, நான்காவது ஓட்டங்களில் முடிவு வேகமே ஐந்தாறு கி.மீ. குறைந்துவிடுகிறது. டர்போ பழுதாகிவிட்டதா? (ஈப்போ வாசகர்)

பதில்: முடிவு வேகம் குறைகிறது என்றால் இது எஞ்சினின் பலம் குறைவதுதான், பிடிப்புப் பிரச்சினை இல்லை. ஆனால் முதல் ஓட்டம் நன்றாக இருப்பதால் டர்போவைச் சந்தேகிக்கும் முன் வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

34 டிகிரி காற்றை 1.1 பார் அழுத்தத்துக்கு அமுக்கும் டர்போ, 70 விழுக்காடு திறனோடு வேலை செய்தாலும், அதை 135 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் வெளியே அனுப்புகிறது. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காற்றைக் குளிர்விக்கும் நல்ல இன்டர்கூலர் அதை 65 டிகிரி அளவுக்கு இறக்கும். ஆனால் இன்டர்கூலரும் ஓர் அலுமினியக் கட்டிதான். வரிசையில் எஞ்சின் ஓடியபடி இருபது நிமிடம் நிற்கும்போது, காற்றோட்டம் இல்லாமல் ரேடியேட்டர் சூட்டையும் வாங்கிக்கொண்டு அது தானே கொதித்துப்போய் நிற்கிறது. உள்ளே போகும் காற்று 80 டிகிரியானால் அதன் அடர்த்தி நான்கு விழுக்காடு குறையும். அதைவிடப் பெரிய இழப்பு, கலவை தானே வெடிக்கும் நாக்கிங் சத்தத்தைச் சென்சார் கேட்டு, தீப்பொறி விழும் நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பின்னிழுப்பதால் வருவது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் வேறு. வெயில் நேரத்தில் கடல் மட்டத்தில் உள்ள ஓடுதளத்தின் காற்றும், அடர்த்தியளவில், 850 அல்லது 900 மீட்டர் உயர மலையின் காற்றைப் போன்றதே. மாலை ஆறு மணிக்குப் பிறகு ஓடுகிறவர்களுக்கு நல்ல நேரம் வருவதற்கு வேறு ரகசியம் கிடையாது.

எனவே ஓட்டம் முடிந்து திரும்பியதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, டர்போவின் எண்ணெய் சூடு தணிந்த பின் எஞ்சினை நிறுத்துங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் பையை இன்டர்கூலர் மேல் வையுங்கள். கிளம்பும் முன் ஒழுகிய தண்ணீரைத் துடைத்துவிடுங்கள், ஓடுதளத்தில் சொட்டினால் அடுத்து வருகிறவருக்கு ஆபத்து. வரிசை நகரும்போது எஞ்சினை இயக்காமல் நண்பர்களோடு சேர்ந்து வண்டியைத் தள்ளுங்கள். ரோன் 95 பெட்ரோலில் ஓட்டிக்கொண்டிருந்தால் டிராக் நாளன்று தொட்டியில் ரோன் 97 அல்லது 100 மட்டும் இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் வேகம் குறைந்தால், டர்போவிலிருந்து திராட்டில் வரை உள்ள குழாய்களை அடைத்து ஒரு பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவைத் தேடுங்கள். ஹாஃப் கட்டில் வந்த சிலிகோன் குழாய்களும் கிளாம்புகளும் பல ஆண்டுகள் பழையவை. குளிர்ந்திருக்கும்போது இறுக்கமாகவும் சூடானதும் தளர்ந்தும் போகும். பார்வைக்கு நன்றாக இருக்கும் இணைப்பின் அடியில்தான் குமிழி வரும்.

கேள்வி: பச்சை விளக்கு எரிந்ததும் நான் தாமதமாகக் கிளம்புவதால்தான் என் கால் மைல் நேரம் மோசமாக வருகிறது என்கிறார் நண்பர். சரியா? (சிரம்பான் வாசகர்)

பதில்: சரியில்லை. நீங்கள் பச்சை விளக்கைப் பார்த்து மூன்று வினாடி கழித்துக் கிளம்பினாலும் கால் மைல் நேரம் மாறாது. புறப்படும் இடத்தில் ஓடுதளத்தின் குறுக்கே இரண்டு ஒளிக்கதிர்கள் உண்டு; முன்சக்கரம் இரண்டாவது ஒளிக்கதிரை விட்டு நகரும்போதுதான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. எதிர்வினை நேரம் சீட்டில் தனி வரியாக வரும்; இருவர் போட்டியிடும்போது மட்டும் இரண்டையும் கூட்டி வெற்றி முடிவாகிறது. சில கருவிகளில் 0.500 என்பதும் சிலவற்றில் 0.000 என்பதும் பிசகில்லாத எதிர்வினையைக் குறிக்கும். சீட்டைப் படிக்கும் முன் உங்கள் ஓடுதளத்தில் எது வழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தை மாற்றுவது நீங்கள் நிற்கும் இடம். இரண்டு கதிர்களுக்கும் இடையே 7 அங்குலம் இருக்கிறது. சக்கரம் இரண்டாவது கதிரை மறைத்து அதற்குரிய விளக்கு எரிந்த கணத்திலேயே நிறுத்திவிட்டால், கடிகாரம் தொடங்குவதற்கு முன் சக்கரம் சுமார் 30 செ.மீ. உருள இடம் கிடைக்கிறது, அந்தச் சிறு ஓட்டத்தின் வேகம் உங்கள் கணக்கில் இலவசமாகச் சேரும். இன்னும் முன்னால் போய் நின்றால் எதிர்வினை நேரம் குறைந்து தெரியும், கால் மைல் நேரம் கூடும். நேரத்தை மட்டும் குறைக்க விரும்புகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், மிக மெதுவாக ஊர்ந்து வந்து நிற்கப் பழக வேண்டும். இல்லாவிட்டால் டயர் அழுத்தம் மாற்றியதால் வந்த வித்தியாசத்தையும் நின்ற இடத்தால் வந்த வித்தியாசத்தையும் பிரித்தறிய முடியாது.

கேள்வி: என் மகன் பழைய 1.3 லிட்டர் வீராவில் டர்போ எஞ்சின் போட்டு டிராக் நாள்களுக்குப் போகிறான். இதுவரை விபத்து எதுவும் இல்லை. நான் கவனிக்க வேண்டியது என்ன? (ஜொகூர் பாரு வாசகி)

பதில்: அம்மா, இந்தப் பகுதிக்கு எஞ்சின் பலத்தைப் பற்றி வரும் கடிதங்களில் பத்தில் ஒன்றுகூட பிரேக்கைப் பற்றிக் கேட்பதில்லை. நீங்கள் கேட்டதற்காக மகிழ்கிறேன்.

எஞ்சினை மாற்றும்போது பிரேக்கை மாற்றினார்களா என்று முதலில் கேளுங்கள். சிறிய எஞ்சினுக்காகக் கொடுத்த முன் டிஸ்க்குகளும் பின் டிரம்களும் அப்படியே இருந்தால், அவற்றை மாற்றும் வரை அந்த வண்டி ஓடுதளத்துக்குப் போகக் கூடாது. மணிக்கு 172 கி.மீ. வேகத்தில் உள்ள வண்டியை நிறுத்த, 140 கி.மீ. வேகத்தில் உள்ளதை நிறுத்துவதைப் போல ஒன்றரை மடங்கு ஆற்றலை பிரேக் விழுங்க வேண்டும். வேகம் கூடியது முப்பத்திரண்டு கி.மீ.தான், சுமை கூடியதோ பாதிக்கும் மேல். பெரிய முன் டிஸ்க், அதற்குரிய காலிப்பர், புதிய பிரேக் எண்ணெய், பின்னால் டிஸ்க் ஆகியவை கட்டாயம். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக் கொதிநிலையை இழப்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள்.

அமெரிக்காவின் டிராக் (drag) பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ விதிகளில் கால் மைலை 13.99 வினாடிக்குள் முடிக்கும் வண்டியின் ஓட்டுநருக்கு ஹெல்மெட் கட்டாயம், 11.49க்குள் வரும் பழைய வண்டிக்கு ரோல் பாரும் (கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம்) வேண்டும். உள்ளூர் ஏற்பாட்டாளர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மகனுக்கு அந்த ஹெல்மெட்டை வாங்கிக் கொடுங்கள். பெட்ரோல் குழாய்கள் டர்போவுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் எவ்வளவு அருகில் போகின்றன என்று பட்டறைக்காரரைக் காட்டச் சொல்லி நேரில் பாருங்கள். வெப்பத் தடுப்பு உறை இல்லாமல் போகிற ரப்பர் குழாய் தென்பட்டால், அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். ஓட்டுநர் கை நீட்டினால் எட்டும் இடத்தில் தீயணைப்பான் இறுகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இருக்கையின் அடியில் உருண்டுகொண்டிருப்பது உதவாது, பிரேக் பெடலுக்குக் கீழே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

மாற்றிய எஞ்சினின் எண் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவாகியிருக்கிறதா, புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை மையத்தின் சோதனை முடிந்ததா, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்தாயிற்றா என்ற மூன்றையும் கேளுங்கள். ஓடுதளத்துக்கு அந்த வண்டியைச் சாலையில்தான் ஓட்டிச் செல்கிறார் என்றால், போகும் வழியில் ஒரு சிறு விபத்து நேர்ந்தாலும் முதலில் கேட்கப்படும் தாள்கள் இவைதாம்.